ஆயில் லைட் எப்போ எரியுதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

டயருக்குக் காற்று பிடிக்கும் கடையில்கூட மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்கிறார்கள். என் கார் எஞ்சினில் ஆயில் பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கேஜை மாட்டிப் பார்க்க மூன்று வாரம் ஆனது. அதுவரை ஆளாளுக்குக் குத்துமதிப்பாகச் சொன்னதற்கு நான் அழுத தண்டம் 10,750 ரூபாய். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். மதுராந்தகம் ஏரிக்கரை பக்கம், வண்டி 90-ல் போகும்போது மீட்டரில் அந்தச் சிவப்பு லைட் மினுக்கென்றது. அலாவுதீன் விளக்கு மாதிரி படம், மூக்கில் ஒரு சொட்டு. ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தேன். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் கச்சிதமாக நிற்கிறது. கீழே ஒழுகலும் இல்லை. பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் லைட் அணைந்துவிட்டது. கிளம்பி மூன்று கிலோமீட்டர் போனதும் திரும்பவும் எரிந்தது.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். "லெவல் இருக்குல்ல சார், அப்போ பயமில்ல, மெதுவா ஓட்டிட்டு வந்துடுங்க."

இதைச் சொன்னவர் அட்வைசராம்! அந்தச் சிவப்பு லைட் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதற்கானதே இல்லை. இருக்கிற ஆயில் அழுத்தத்தோடு மேலே போகிறதா என்பதுதான் அதன் கணக்கு. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய படலமாக ஆயில் நிற்பதால்தான் இரும்பும் இரும்பும் உரசாமல் ஓடுகிறது. பிரஷர் போனால் அந்தப் படலமும் போச்சு. கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் ஜாம் ஆகிவிடும். பல கார்களில் லைட்டுக்கான பிரஷர் ஸ்விட்ச், அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அளவுக்குப் பிரஷர் இறங்கிய பிறகுதான் லைட்டையே போடும். அதாவது, லைட் எரிகிறபோதே தலைக்கு மேல் வெள்ளம். இதில் மெதுவா ஓட்டிட்டு வரணுமாம். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, சாவிய எடுத்துப் பாக்கெட்ல போடுங்க" என்றார். அன்று உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். டோயிங்குக்கு 4,500 ரூபாய்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. முதல் தடவை, "சென்சார் சார்." பிரஷர் ஸ்விட்சை மாற்றி 1,150 வாங்கினார்கள். மச்சானைக் கேட்டால் அதற்கும் மேலே போய், "அந்த ஒயரைக் கழட்டி விட்டுடுங்க மாமா, லைட்டே வராது" என்றான். நல்லவேளை, அவன் டாக்டருக்குப் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் தாம்பரம் பைபாஸில் மறுபடி எரிந்தது. இரண்டாம் தடவை, "வண்டி ஒரு லட்சம் ஓடிடுச்சுல்ல சார், கொஞ்சம் திக்கான ஆயில் போட்டா சரியாயிடும்." 5டபிள்யூ-30 என்ற இளகிய ஆயில் போடவேண்டிய டீசல் எஞ்சினில், அதைவிடத் திக்கான 20டபிள்யூ-50-ஐ ஊற்றினார்கள். ஃபில்டரோடு சேர்த்து 4,200. லைட் முன்பைவிடச் சீக்கிரமாக வர ஆரம்பித்தது. மூன்றாம் தடவை இன்ஸ்பெக்‌ஷன் என்று 900 வாங்கிக்கொண்டு, சத்தமே போடாமல் ஒரு தாளை நீட்டினார்கள்: எஞ்சின் இறக்கி பேரிங், ஆயில் பம்ப் மாற்ற 85,000.

நானும் போன ஒவ்வொரு தடவையும் கவுண்ட்டரில் நின்று கத்தினேன். "சிக்னல்ல நிக்கும்போது வரலைங்க, வேகமா போனாத்தான் வருது. அணைச்சு பத்து நிமிஷம் வெச்சா சரியாயிடுது." அட்வைசர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். ஜாப் கார்டில் எழுதியது இரண்டே வார்த்தை: 'ஆயில் லைட்.'

கடைசியில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். தகரக் கொட்டகை, இரண்டு பையன்கள். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "எப்போ எரியுது தம்பி?" என்றார். அழுதுவிடலாம் போல இருந்தது.

சொன்னதைக் கடைசிவரை கேட்டார். "சூடானப்புறம் ஐடில்ல, அதாவது வண்டி சும்மா நின்னு ஓடுறப்ப எரிஞ்சு, ரேஸ் பண்ணா அணைஞ்சா, பேரிங் தேஞ்சிருக்கலாம், பம்பு தேஞ்சிருக்கலாம். உங்களுது அப்படியே தலைகீழால்ல இருக்கு" என்று சொல்லி, ஸ்விட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஹோஸோடு ஒரு கேஜை முடுக்கினார். எஞ்சின் சூடாகி ஐடிலில் 1.2 பார். குறையே இல்லை. நிமிஷத்துக்கு 3,000 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்தார். முள் மூன்றைத் தாண்டியது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நடுங்க ஆரம்பித்து, கிடுகிடுவென்று ஒன்றுக்கும் கீழே சரிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டார். மொத்தம் இருபது நிமிஷ வேலை.

"இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ரால வழுக்கை அடைச்சுக்கும்ல? இழுக்க இழுக்க இறுகும். வாயை எடுத்தா விழுந்துடும்." அதேதான். வேகமாகப் போகும்போது பம்ப் பலமாக உறிஞ்சுகிறது, குப்பை போய் பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கிற வலையில், அதாவது ஸ்ட்ரெய்னரில் ஒட்டுகிறது. அணைத்தால் உதிர்கிறது. திக்கான ஆயில் ஊற்றியதும் ஏன் மோசமானது என்று அங்கேயே புரிந்தது. வழுக்கை அடைத்த ஸ்ட்ராவில் பாயசத்தை உறிஞ்சச் சொல்லியிருக்கிறார்கள்.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றினார். ஸ்ட்ரெய்னர் வலையில் கறுப்புக் கசடு கொஞ்சம்தான். மீதி முழுக்க, சாம்பல் நிறத்தில் ரப்பர் புழுக்கள் மாதிரி சிலிக்கான் துண்டுகள். ஒன்றை எடுத்து நகத்தால் இழுத்தேன், சூயிங் கம் போல நீண்டது. பேரிங் கேப் ஒன்றையும் அப்போதே கழற்றிப் பார்த்தார். பேரிங்கில் தேய்மானக் கோடு விழவில்லை. சுத்தம் செய்து, சம்பின் விளிம்பில் ஒட்டுகிற சிலிக்கான் பேஸ்ட்டை நூல் பிடித்த மாதிரி மெல்லிசாக ஓட்டி, காயவிட்டு மாட்டி, சரியான ஆயில் ஊற்றி, மறுபடியும் கேஜை வைத்துக் காட்டினார். 3,000-ல் முள் ஆடாமல் நின்றது. கூலி 2,800. ஆயில் காசு தனி.

அந்த சிலிக்கான் எங்கிருந்து வந்தது? போன வருஷம் சம்பில் ஆயில் கசிகிறது என்று அதே சர்வீஸ் சென்டரில்தான் கழற்றி ஒட்டினார்கள். இட்லி மாவு மாதிரி அப்பியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்தாயிற்று. உள்ளே பிதுங்கியதை யார் பார்க்கப் போகிறார்கள்?

துண்டுகளை ஒரு ஊறுகாய் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், நாங்க கிரே கலர் யூஸ் பண்றதே இல்லை."

போன வருஷ பில்லை எடுத்து நீட்டினேன். அவர்கள் கம்ப்யூட்டர் அடித்ததுதான்: சம்ப் சீலன்ட், கிரே, 1.

"அது பழைய மேனேஜர் இருந்தப்ப, சார்" என்றார்.