மூன்று முறை அழைத்தும் நகராத கால்கள்

குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பற்றி வந்த கட்டுரை அருமை. ஆனால் 1974-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அலி அன்றைய உலக சாம்பியன் ஃபோர்மேனை வீழ்த்தியதற்கு இவ்வளவு இடம் கொடுத்த கட்டுரையாளர், 1967-ஐ இரண்டே வரியில் கடந்துவிட்டது எனக்குப் பெரிய குறை. வியட்நாம் போர் நடந்த அந்த ஆண்டில், அமெரிக்காவின் ஹூஸ்டனில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் இடத்தில், அலி துறந்துவிட்ட பழைய பெயரைச் சொல்லி மூன்று முறை அழைத்தார்கள். ஓர் அடி முன்னே வைத்தால் போதும், ராணுவத்தில் சேர்ந்ததாகிவிடும். வைக்கவில்லை. உலக சாம்பியன் பட்டம் பறிபோனது, 5 ஆண்டு சிறைத் தண்டனை, 10,000 டாலர் அபராதம். மேல்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை என்றாலும், 25 வயதிலிருந்து 28 வரை, உடல் உச்சத்தில் இருந்த காலத்தில், வளையத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

1980-இல் அவர் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் சக குத்துச்சண்டை வீரர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதையும் சேர்த்திருக்கலாம். அன்று அங்கே இருந்த என் பெரியப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்றுதான் சொல்வார். 1996-இல் அட்லாண்டாவில் அலி ஒலிம்பிக் சுடரை ஏற்றியதை நாங்கள் இருவரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். இடது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வலது கை தீபத்தை விடவில்லை. பெரியப்பா அன்றும் எழுந்து நின்றார்.