டிசம்பர், ஜனவரியில் மலேசியா முழுக்க மழையா?

அண்ணே, "டிசம்பர், ஜனவரியில் மலேசியா முழுக்க மழை, தீவுகள் எல்லாம் மூடியிருக்கும், டிக்கெட் எடுக்காதீர்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத்தான் போட்டுத் தாக்கும். கிளந்தான், திரெங்கானுவில் வெள்ளம் வருவதும், பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான தங்குவிடுதிகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அடைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் நடுவே அந்த மழையைத் தடுக்கத் தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறதே! இந்தப் பக்கம், மேற்குக் கரையில், பினாங்கு, லங்காவியில் ஜனவரி, பிப்ரவரிதான் ஆண்டிலேயே மழை குறைந்த காலம். தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பவர்களுக்காகச் சூடேறிய தார்ச்சாலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். மழைக்காலத்தில் அதற்கு என்ன தேவை?

எங்களுக்குப் பினாங்கில் கொட்டித் தீர்ப்பது செப்டம்பர், அக்டோபரில். அப்போது மலிவு டிக்கெட்டைப் பார்த்து வந்துவிட்டு யாரைத் திட்டுவது?

கோலாலம்பூர் வேறு கணக்கு. பிற்பகல் இடிமழை எந்த மாதத்திலும் வரலாம், பத்துமலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. போர்னியோ தீவிலிருக்கும் சரவாக் பக்கம் போவதென்றால் மட்டும் அண்ணன் சொன்னதைக் கேளுங்கள், அதன் தலைநகர் கூச்சிங்கில் டிசம்பர், ஜனவரியில் நல்ல மழை. அப்புறம், அங்கே உள்நாட்டு விமானத்தில் போனாலும் குடிநுழைவுச் சோதனை தனியாக உண்டு, பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஜனவரியில் குடும்பத்தோடு வர நினைப்பவர்கள் லங்காவிக்குத் தாராளமாக டிக்கெட் போடலாம். தைப்பூசத் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பினாங்கில் அறை கிடைப்பது கஷ்டம்.