'ஆடம்ஸ் ஆப்பிள்ஸ்' நாஜிப் பிரச்சாரப் படம் அல்ல

"ஜெயிலிலிருந்து வந்த நாஜியை ஹீரோவாக்கி, பாதிரியார் பிரசங்கம் செய்ததும் திருந்திவிட்டான் என்று முடிக்கிறார்கள்" என்று இந்தப் படத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

2005இல் வந்த இந்த டேனிஷ் படத்தில், ஜெயிலிலிருந்து ஒரு தேவாலயத்துக்கு அனுப்பப்படும் நாஜியான ஆடம் தன் அறைச் சுவரில் ஹிட்லர் படத்தை மாட்டுகிறான். அதைப் பார்க்கும் பாதிரியார் இவான், "உன் அப்பாவா?" என்கிறார். அவன் பெரிதாக நினைக்கும் கொள்கைக்கு அங்கே கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

பிரசங்கமும் கிடையாது. அங்கே இருக்கும் நாட்களுக்கு ஓர் இலக்கைச் சொல் என்றுதான் இவான் ஆடமிடம் கேட்கிறார். தேவாலயத்து ஆப்பிள் மரத்தின் பழங்களில் கேக் சுடுகிறேன் என்று ஆடம் ஏனோதானோவென்று சொல்லிவைக்கிறான். அப்புறம் காக்கை, புழு, மின்னல் என்று அந்த மரத்துக்கு வராத கேடு இல்லை. பார்க்கப்போனால், அடுத்தவரை மாற்ற மூர்க்கமாக முயல்பவன் ஆடம்தான். மகன் மாற்றுத்திறனாளி என்பதைக்கூட ஏற்க மறுக்கும் இவானின் நம்பிக்கையை உடைக்க, அவரை ரத்தம் வர அடிக்கிறான். வேதாகமம் கீழே விழும்போதெல்லாம் யோபுவின் புத்தகமே, அதாவது நல்லவன் ஒருவன் அடுக்கடுக்காகத் துன்பங்களால் சோதிக்கப்படும் கதையே, திறப்பதைக் கவனித்தீர்களா? படத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

வன்முறை பிடிக்கவில்லை என்றால் நியாயம், எனக்கும் சில காட்சிகள் கஷ்டமாகவே இருந்தன. ஆனால் இதற்கு நாஜி ஆதரவு முத்திரை குத்தி, பார்க்க நினைப்பவர்களைத் தயவுசெய்து விரட்டாதீர்கள்.