ஸ்போர்ட்ஸ் மோடாம், ஸ்போர்ட்ஸ் மோடு!

612 படங்கள். மகளின் 13 வயதுக்குட்பட்டோர் ஷட்டில் போட்டியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாயாய் அலைந்து எடுத்தவை. லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் தேறியது நான்கு. அதிலும் ஒன்று, அவள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற படம்.

கேமரா விற்ற கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "டயலை இந்த ஓடுற மனுஷன் படத்துக்குத் திருப்புங்க சார், மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்." திருப்பினேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது! மகள் இருக்க வேண்டிய இடத்தில் நீல நிறத்தில் ஒரு புகை. ராக்கெட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உள்ளரங்கில் நுழைந்தபோது நல்ல வெளிச்சம் என்றுதான் நானும் நினைத்தேன். கூரை முழுக்க வரிசையாக எல்இடி. ஆனால் வெளியே அடிக்கிற மதிய வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட அது கிடையாது. கண் சமாளித்துவிடுகிறது, கேமரா சமாளிக்காது. ஜன்னலைத் திறக்கலாமென்றால், காற்றில் பந்து விலகுமாம், எல்லாவற்றையும் சாத்தித் திரையும் போட்டிருக்கிறார்கள். நியாயம்தான். தெரியாத்தனமாக ஒரே ஒரு தடவை ஃப்ளாஷ் அடித்தேன். உயர நாற்காலியிலிருந்து அம்பயர் பார்த்த பார்வை இருக்கிறதே! அதுவும் நியாயம்தான், சர்வீஸ் போடுகிற குழந்தையின் கண் கூசாதா?

கேமராவோடு வந்த 18-55 லென்ஸ், முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. இந்த எஃப் எண் சின்னதாக இருந்தால்தான் லென்ஸ் வாயைப் பெரிதாகத் திறந்து நிறைய வெளிச்சம் விடும். கேமராவை அதன் போக்கில் விட்டால் ஷட்டர் 1/60 நொடி திறந்திருக்கும். ஸ்மாஷ் அடிக்கிற கையை நிறுத்தக் குறைந்தது 1/500 வேண்டும். நானாக 1/500 வைத்தால் வெளிச்சத்தை ஊதிப் பெரிதாக்குகிற ஐஎஸ்ஓ 12800க்கு எகிறி, முகமெல்லாம் ரவை தூவியது போலப் புள்ளி. "பிள்ளைக்கு என்னங்க, அம்மையா போட்டிருக்கு?" என்கிறாள் மனைவி.

சரி, ஞாயிற்றுக்கிழமை நண்பரிடம் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் இரவல் வாங்கினேன். ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/500, ஐஎஸ்ஓ 1600, இனி யார் தடுப்பது என்று உட்கார்ந்தேன். ஒரு படம் பளிச். அடுத்தது மஞ்சள் காமாலை. அதற்கடுத்ததில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. அதே கோர்ட், அதே விளக்கு, அதே நொடி! இரவல் லென்ஸைக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கு வியர்த்துவிட்டது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மட்டமான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. 1/500 போய் அந்த மங்கலில் விழுந்தால் படம் காலி. 1/100 வைத்தால் வெளிச்சம் சமமாகிவிடும், ஆனால் மகள் மறுபடி புகை! வெளிச்சம் வேண்டுமா, பிள்ளை வேண்டுமா என்று கேட்கிறது கேமரா. மங்காத நேரம் பார்த்து கிளிக் ஆகிற வசதி சில கேமராக்களில் உண்டு. என்னுடையதில் மெனு முழுக்கத் துழாவிவிட்டேன். படத்தைப் பொம்மை ஊர் போலக் காட்டுகிற வசதி இருக்கிறது, இது இல்லை.

இதில் இன்னொரு கூத்து. ஸ்போர்ட்ஸ் மோடை விட்டு வெளியே வந்தால், ஆளைத் தொடர்கிற ஃபோகஸை நாமே தனியாக மாற்ற வேண்டுமாம். யார் சொன்னார்கள்? வலையின் ஒவ்வொரு முடிச்சும் அவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறது. பின்னால் மங்கலாகத் தெரிவது என் மகள் என்று நினைக்கிறேன்.

"கடைசி பாயின்ட் எடுத்தீங்களாப்பா?" என்று ஓடி வந்து கேட்டாள். 21-19. எடுத்தேன் கண்ணு, எடுத்தேன். இரண்டு கையையும் தூக்கிக் குதிக்கிறாய், சரியாக முகத்தின் மேல் அந்தக் கறுப்புப் பட்டை.

நேற்று கடைக்காரர் போன் செய்தார். "சார், 70-300 லென்ஸ் ஒண்ணு வந்திருக்கு, ஸ்போர்ட்ஸுக்குன்னே செஞ்சது." முழுக்க ஜூம் செய்தால் எஃப் எவ்வளவு என்று கேட்டேன்.

"5.6 சார்."