போய்ச் சேர்ந்தவர் யாருடைய வாக்கியத்தில் போனார்?

கல்லூரியில் புனைகதை வகுப்பெடுக்கும் நாங்கள் ஒரு சிறுகதையைப் படித்து முடித்ததும் கேட்கிற முதல் கேள்வி, ‘இந்தக் கதை என்ன சொல்ல வருகிறது?’ என்பதுதான். நானும் பல ஆண்டுகள் அதையே கேட்டேன். வறுமை, பெண்ணடிமை, தலைமுறை இடைவெளி என்று வருகிற விடைகள், கதைச் சுருக்கத்தை மட்டும் மேய்ந்துவிட்டு வந்தவராலும் சொல்லக்கூடியவை என்பது எனக்குத் தாமதமாகவே உறைத்தது.

இப்போது வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்: இந்தச் சொல் யாருடையது? அதற்காக நானே எழுதிய இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். ‘பெரியவர் பத்து மாதம் படுக்கையில் கிடந்தார். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.’ கதைசொல்லி படர்க்கையில் பேசுகிறார். மேற்கோள் குறி இல்லை, ‘என்று நினைத்தாள்’ என்பதும் இல்லை. ‘போய்ச் சேர்ந்தார்’ என்பதை அழித்துவிட்டுக் ‘காலமானார்’ என்று எழுதிப் பார்க்கச் சொல்வேன். இறப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் வாக்கியத்துக்குள் நின்றுகொண்டிருந்த யாரோ ஒருவர் வெளியேறிவிடுகிறார். யார் அவர்? ‘இருந்தார்’ என்னாமல் ‘கிடந்தார்’ என்றவர், எத்தனை மாதம் என்று கணக்கு வைத்திருந்தவர், விடிவதற்கு முன் விழித்திருந்தவர். அந்த வீட்டில் பணிவிடை செய்தவராகத்தான் இருக்கவேண்டும். ஒருமுறை, பின்வரிசையில் அதிகம் பேசாத மாணவி ஒருவர், “பத்து மாதம் என்பது சுமக்கிற கணக்கு அல்லவா, ஐயா?” என்று கேட்டார். எழுதிய எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. ‘சேர்ந்தார்’ என்பதில் இருப்பது இரக்கமா, விட்டது சுமை என்ற ஆறுதலா என்ற விவாதத்திலேயே அன்றைய வகுப்பு முடிந்தது. ‘ஆர்’ விகுதி மட்டும் கடைசிவரை மரியாதை குறையாமல் நின்றது.

இந்தக் கேள்வி வெறும் வகுப்பறை விளையாட்டு அன்று. 1857இல் பிரான்சில் ‘மதாம் பொவாரி’ நாவலுக்காகக் குஸ்தாவ் ஃப்ளோபேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, நாயகி தன் கள்ள உறவை எண்ணிப் பூரிக்கும் வரிகளை நூலாசிரியரே அதைப் போற்றுவதாக எடுத்துக்கொண்டுதான் அரசுத் தரப்பு வழக்கறிஞர் பினார் வாதிட்டார். கதைசொல்லியின் இலக்கணத்துக்குள் பாத்திரத்தின் மனம் புகுந்து பேசும் நடை அது. வாக்கியம் யாருடையது என்பதில்தான் சிக்கலே இருந்தது. ஃப்ளோபேர் விடுதலையானார்.

இப்படிச் சொல் சொல்லாகப் படிப்பதால் பாடத்திட்டம் முடிவதில்லை என்று சக ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. நாவல் முழுவதையும் இந்த வேகத்தில் படித்தால் ஓர் ஆயுள் போதாது. ஒரு மணி நேரத்தில் ஒரு பத்தியைத் தாண்டினாலே பெரிது. கண்ணில் படுவதெல்லாம் ஆழம் என்று நம்பிவிடும் ஆபத்தும் உண்டு. அமெரிக்க விமர்சகர் எஃப். ஓ. மத்தீசன் 1941இல் வெளியிட்ட நூலில், நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில்லின் ‘அழுக்கடைந்த மீன்’ என்ற தொடரை வெகுவாகச் சிலாகித்திருந்தார். மெல்வில் எழுதியது ‘சுருண்ட மீன்’. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறி அச்சாகியிருந்தது. இதையும் நான் வகுப்பில் சொல்லிவிடுவேன். அதனால்தான், ஒரு சொல்லைப் பற்றி ஏதாவது சொல்பவர் அதற்கு மாற்றுச் சொல்லொன்றை வைத்துப் பார்த்து, என்ன தொலைந்துபோகிறது என்றும் காட்டவேண்டும் என்று கேட்கிறேன்.

சென்ற பருவத் தேர்வில் ‘கதையின் மையக்கருத்தை விளக்குக’ என்ற வழக்கமான பத்து மதிப்பெண் வினாவுக்கு, ஒரு மாணவர் கதையின் கடைசி வரியிலுள்ள ஒரே ஒரு துணைவினையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். விடைக்குறிப்பில் அதற்கு இடமே இல்லை. நான் எட்டு போட்டேன். இரண்டாம் மதிப்பீட்டில் அது நான்காகிவிட்டது.