அந்த ஃபால்ஸ் சீலிங்கை முதலில் கழற்றுங்கள்

நூறு வயது தாண்டிய ஒரு கட்டடத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சேர்ந்த புதிதில் அண்ணாந்து பார்த்தால் இருபதடி உயரத்தில் தேக்கு உத்தரம். அதிலிருந்து நீளக் கம்பியில் மின்விசிறி தொங்கும். சன்னலுக்கு மேலே வென்டிலேட்டர். மே மாதத்தில்கூட பதினோரு மணி வரை சமாளிக்கலாம். அப்புறம் புழுக்கம்தான், பொய் சொல்லக் கூடாது.

ஒரு நாள் "நவீனமயம்" வந்தது. ஒன்பதடியில் ஃபால்ஸ் சீலிங் (அசல் கூரையை மறைத்துக் கீழே தொங்கவிடும் அட்டைக் கூரை), பிளைவுட் தடுப்பு, தரையில் வழுவழு டைல்ஸ், ஆளுக்கொரு ஏசி. வென்டிலேட்டர்கள் சீலிங்குக்கு மேலே இருட்டில் போய்விட்டன. முதல் மாதம் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். கரண்ட் போனால்தான் தெரிந்தது, நாங்கள் உட்கார்ந்திருப்பது மூடி போட்ட டப்பாவில் என்று. சீலிங்குக்கு மேலே ஒரு பூனை குட்டி போட்டு, ஆபீஸ் நேரம் முழுக்கக் கச்சேரி நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

பழைய கட்டடத்தில் ஏசி கூடாது, கம்ப்யூட்டர் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆள் புழங்காத கட்டடம்தான் சீக்கிரம் விழும். என் சண்டை வேறு. வசதி செய்கிறேன் என்று கட்டடத்தின் உடம்பை மூடி மறைப்பதோடுதான்.

மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்லும் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்குச் சட்டங்களுக்கு மேல் சின்னச் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் தட்டுவார்கள். இந்தக் கூரைக்கு எமன், மழைத்தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொள்வதுதான். தண்ணீர் இறங்கி, சுவருக்குள் சொருகியிருக்கும் சட்டத்தின் நுனி மக்கும். கூரை கண்ணுக்குத் தெரிந்தால், கறை படிந்த அன்றைக்கே ஆள் ஏறிச் சரிபார்த்துவிடலாம். சீலிங் போட்டு மூடினால், அட்டை நனைந்து தலையில் விழும் வரை தெரியாது. அதற்குள் மரம் போய்விடும்.

சுவரும் அப்படித்தான். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், பூச்சு உரியும். "பழைய கட்டடம் சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி மறுபடி சிமென்ட் பூசுவார்கள். எங்கள் ஆபீஸில் ஒரே சுவருக்கு மூன்று முறை பூசியதை நானே பார்த்தேன்.

பெரிய உதாரணம் சென்னை சேப்பாக்கம் அரண்மனை. 1768-ல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டியது. நவாப் பட்டம் போன பிறகு அரசு அலுவலகமாக மாறியது. பழைய மரம், ஃபைல் கட்டுகள், ஒயர்கள். 2012 ஜனவரியில் அரண்மனையின் ஒரு பகுதியான கலச மகால் எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். இடித்துவிடலாமே என்ற பேச்சும் எழுந்தது. நல்லவேளை, இடிக்கவில்லை. சுண்ணாம்பு அரைத்து, கூரையை மீட்டுக் கட்டினார்கள். இன்று அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. அரண்மனையின் இன்னொரு பகுதியான பக்கத்து ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித் துறையே மீட்டது. நம் ஊரில் கைவேலை தெரிந்தவர்கள் இல்லை என்று யாராவது சொன்னால் அங்கே கூட்டிப் போங்கள்.

கடற்கரைச் சாலை காவல்துறைத் தலைமையகம் 1839-ல் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரத்துவச் சங்கத்தார் கட்டியது. மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் போன போலீஸ், 1874-ல் 20,000 ரூபாய்க்கு அதை வாங்கியது. 1990-களில் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட நினைத்தார்கள். வழக்கு வரை போன பிறகு, இருப்பதைப் புதுப்பித்தார்கள். இடம் போதவில்லையா? தனியாக இணைப்புக் கட்டடம் எழுந்தது. 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகைக்கும், அதாவது சென்னை மாநகராட்சி அலுவலகத்துக்கும், இதே வழிதான். பின்னால் அம்மா மாளிகை என்ற புதுக் கட்டடம் வந்ததால் முன்னால் இருப்பதன் மேல் பாரம் குறைந்தது.

எனக்குப் பிடித்த யோசனை இதுதான். நெரிசல், சர்வர் அறை, ரெக்கார்டு ரூம் எல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போகட்டும். பழையதில் கூட்ட அரங்கும் பத்து மேசையும் இருந்தால் போதும். ஒயரைச் சுவரைக் கொத்தாமல் வெளியே குழாயில் ஓட்டுங்கள். அசிங்கமாக இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டுமே, நாளைக்குக் கழற்றலாம். ஏசி பெட்டியை மட்டும் முகப்பில் மாட்டி, அதன் தண்ணீரைத் தூணில் ஒழுக விடாதீர்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் அங்கே மறுபடி புதுப்பிக்கப் போகிறார்கள் என்று பழைய நண்பர் போன் செய்தார். எஸ்டிமேட்டில் முதல் வரியே "ஃபால்ஸ் சீலிங் மாற்றுதல்" என்று இருக்கிறதாம். மாற்றுதல் இல்லை, கழற்றுதல் என்று திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.