வரிசையில் நிற்கவா பீஸ் கட்டுகிறார்கள்?

"சின்னப் பிள்ளைங்களுக்கு விளையாடச் சொல்லிக்கொடுக்கிறதுக்குக் காசா?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். டியூஷனுக்கோ பாட்டு கிளாஸுக்கோ யாரும் இப்படிக் கேட்பதில்லை. நான் பேட்மின்டன் சொல்லிக்கொடுக்கிறேன், காசு வாங்குகிறேன். தொண்டையும் முழங்காலும் சேர்ந்து தேய்கிற வேலை இது, சும்மா செய்ய முடியாது. ஆனால் எதைக் கொடுத்துக் காசு வாங்குகிறோம் என்பதில்தான் என்னைப் போன்ற கோச்சுகளோடு எனக்குச் சண்டை.

வருமானத்தைக் கூட்ட எல்லோரும் முதலில் கண்டுபிடிக்கிற வழி, பேட்ச்சில் தலைகளைக் கூட்டுவது. கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம், ஒரு நெட், 20 பிள்ளைகள். ஆளுக்கு 3 நிமிடம் பேட்டிங். மீதி 57 நிமிடம் பந்து பொறுக்குவதும், பேடைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பதும், பக்கத்துப் பையனைச் சீண்டுவதும்தான். வெளியே நிற்கிற பெற்றோருக்கு மைதானம் நிறைந்து ஜோராகத் தெரியும். அதே 20 பேரை நாலாகப் பிரித்து, ஒரு மூலையில் கேட்ச், ஒரு மூலையில் ஸ்டம்பைப் பார்த்து எறிவது, ஒரு பக்கம் டென்னிஸ் பந்தில் ஜோடி ஜோடியாக அடிப்பது, நாலாவது நெட் என்று சுற்றிவிட்டால் ஒரு பிள்ளையும் சும்மா நிற்காது. கூடவே ஓர் உதவியாள் வேண்டும், அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். கணக்கு இங்கேதான் பலருக்குக் கசக்கிறது.

இன்னொன்று, நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்கிற நம்பிக்கை. ஆடத் தெரிவது வேறு, பிள்ளைக்கு ஏற்ற மாதிரி சொல்லிக்கொடுக்கத் தெரிவது வேறு. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஷட்டில் மேலிருந்து விழுகிற வேகத்துக்குக் கண்ணும் கையும் ஒன்றாக வராது. ராக்கெட்டை வீசி முடித்த பிறகு ஷட்டில் காலடியில் கிடக்கும். பலூனைக் கொடுத்துப் பாருங்கள். அது ஆடி அசைந்து இறங்கும். பிள்ளை அதற்குள் காலை எடுத்துவைத்து, கையை உயர்த்தி, தட்டிவிடும். முகமே மாறிவிடும். அதற்கப்புறம் ஷட்டிலுக்கு வரலாம். பெரிய விளையாட்டு அமைப்புகளே இப்படி யோசித்துத்தான் விதிகளை வைத்திருக்கின்றன. கூடைப்பந்தில் வளையம் 3.05 மீட்டர் உயரம், மினி கூடைப்பந்தில் 2.60 மீட்டர். டென்னிஸில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது, மெதுவாக வரும் பந்துதான் என்று சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் விதியாகவே கொண்டுவந்தது. பெரியவர்கள் கோர்ட்டில் பெரியவர்கள் ராக்கெட்டைக் கொடுத்து "ஏன்டா வரல?" என்று கத்துவதற்கு கோச் எதற்கு? என்னைக் கேட்டால், ஆரம்பப் பேட்ச் எடுப்பவருக்குத்தான் அதிகச் சம்பளம் கொடுக்க வேண்டும். நடப்பது நேர்மாறு.

அடுத்தது ஓய்வு. இதில்தான் நம் பிழைப்பும் பிள்ளையின் உடம்பும் நேருக்கு நேர் மோதுகின்றன. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஒரே விளையாட்டை ஆடுகிற பிள்ளைக்கு வருடத்தில் மொத்தமாக 3 மாதம் அதிலிருந்து விடுப்பு வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம். மாதச் சந்தாவில் பிழைக்கிற கோச் எவராவது "அடுத்த மாசம் வராதே" என்பாரா? ஆனால் உயரம் வேகமாகக் கூடுகிற வயதில் முட்டிச் சில்லுக்குக் கீழே, எலும்பு புடைத்திருக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை நொண்டினால் அது பெரும்பாலும் சோம்பேறித்தனம் இல்லை. ஓட்டமும் குதியும் அளவு மீறியதால் வருகிற வலி அது. "ரெண்டு ரவுண்டு ஓடினா சரியாயிடும்" என்று சொல்வது அக்கிரமம். நான் கண்டுபிடித்த வழி, அந்த விடுப்பு மாதங்களில் ராக்கெட்டையே எடுக்காமல் ஓடுவது, பந்து எறிவது, சும்மா துரத்திப் பிடிப்பது என்று வேறு வகுப்பு வைப்பது. வலி இருக்கிற பிள்ளைக்கு அதுவும் இல்லை, டாக்டர் சொன்ன பிறகுதான். பீஸ் குறைவு, கூட்டமும் குறைவுதான். ஆனாலும் வண்டி ஓடுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டுவது "ரெண்டே வருஷத்துல செலக்‌ஷன்" என்று, அணியில் இடம் கிடைக்கும் என ஆசை காட்டுகிற வியாபாரம். எட்டு வயதில் யார் சாம்பியன் ஆவார் என்று எந்தக் கோச்சுக்கும் தெரியாது. நார்வேயில் 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது, 13 வயது ஆகும் வருடம்வரை தேசிய சாம்பியன்ஷிப்பும் கிடையாது. அந்தச் சின்ன நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கியது. இதனால்தான் அது என்று நான் சொல்லவில்லை. அவசரப்படாததால் அவர்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றுதான் சொல்கிறேன்.

பாதுகாப்பில் பேரமே கிடையாது. முதலுதவிப் பயிற்சி கட்டாயம். பிள்ளையோடு கதவடைத்துத் தனியாக இருக்கக் கூடாது, தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. கையைப் பிடித்து கிரிப்பைத் திருத்தவும் "பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்கிற இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்பதால் என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். மூன்று மாதப் பீஸ் முன்பணம், ரசீது உண்டு, நண்பர் பிள்ளைக்கும் அதே தொகை. நடுவில் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்கும். பிடிக்கவில்லை என்பதைப் பிள்ளை வாயால் சொல்ல வேண்டும், அப்பா அம்மா சொன்னால் செல்லாது.